மாதக் கட்டணம் இல்லாத டிவி

கேபிளை நிறுத்திட்டு செல்போனிலேயே நிகழ்ச்சி பார்க்கிறவங்க கூடிட்டாங்க. ஆனால் ரீசார்ஜ் தீர்ந்தால் அதுவும் நிற்கும்.

அன்று வீட்டுக்கூரையில் கம்பி ஆன்டெனா வைத்து இலவசமாகப் பார்த்தோம். அந்த தூர்தர்ஷன் நிலையங்கள் பெரும்பாலும் மூடியாச்சு. ஆனால் 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய டிஷ் சேவை, 'டிடி ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் இன்றும் உண்டு. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் கிடையாது. இது எப்படிக் கட்டுப்படியாகுது? தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டித்தான் இதில் இடம் பிடிக்கின்றன.

குறை ஒன்று உண்டு: இந்தி சேனல்களே அதிகம், தமிழ் குறைவு. எவையெவை வருதுன்னு கேட்டு வாங்குங்க. கேபிளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,400 ரூபாய். நம் சேமிப்புக் கணக்கோடு ஒப்பிட்டு, வீட்டில் பேசி முடிவெடுப்போம்.