பாடலாசிரியரின் பதகளிப்பு தரும் பாடம்

அமெரிக்காவின் 'பீச் போய்ஸ்' இசைக்குழுவை வழிநடத்திய பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான பிரையன் வில்சன், 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆம் திகதி தமது 82 ஆவது வயதில் காலமானார். அவரது இசைச் சாதனைகள் குறித்து உலக ஊடகங்கள் விரிவாக எழுதின. நாம் இங்கு அவரை நினைவுகூருவதற்கு வேறொரு காரணம் உண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியை மனதின் அச்சத்தோடு போராடியவாறே கழித்த ஒரு கலைஞரின் கதை, எமது சமூகமும் செவிமடுக்க வேண்டிய ஒன்றாகும்.

கலிபோர்னியா மாநிலத்தின் ஹோதோர்ன் நகரில் வளர்ந்த வில்சன், 1961 இல் தமது இரு தம்பியர், மைத்துனர் ஒருவர், நண்பர் ஒருவர் ஆகியோருடன் இணைந்து இக்குழுவை ஆரம்பித்தார். கடலலைகளில் சறுக்கி விளையாடும் இளைஞரின் குதூகலத்தையே அவர்களது ஆரம்பகாலப் பாடல்கள் பாடின. எனினும், அக்குழுவில் உண்மையாக அலைச்சறுக்கில் ஈடுபட்டவர் தம்பி டெனிஸ் மாத்திரமே. மூத்தவரான பிரையனோ, தந்தையின் அடிக்கும் ஏச்சுக்கும் மத்தியில் வளர்ந்தவர். வலது காது ஏறத்தாழ முற்றாகக் கேட்காதவர். கவலைகளையும் பயங்களையும் வெளியே நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஓர் அறை போதும் என்ற கருத்தில் அவர் 1963 இல் பாடல் அமைத்தமை தற்செயலானதன்று.

1962 ஒக்டோபர் முதல் 1964 நவம்பர் வரையான இரண்டு ஆண்டு காலத்தில் இக்குழு எட்டு இசைத்தட்டுத் தொகுப்புகளை வெளியிட்டது. இசையமைப்பு, ஒலிப்பதிவு, மேடை நிகழ்ச்சி, பயணம் எனச் சகல சுமையும் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் தோளில் விழுந்தது. 1964 டிசெம்பர் 23 ஆம் திகதி, ஹூஸ்டன் நகருக்குச் சென்றுகொண்டிருந்த விமானத்தில் அவர் நிலைகுலைந்து கதறி அழுதார்.

இத்தகைய பீதித் தாக்கத்தை 'மனப்பலவீனம்' என்று ஒதுக்கிவிடுவது அறியாமையாகும். ஆபத்து நேரும்போது ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடலைத் தயார்படுத்தும் இயல்பான பொறிமுறை ஒன்று எம் அனைவரிடமும் உண்டு. கண்முன் ஆபத்து எதுவும் இல்லாதபோதும் அது விழித்துக்கொண்டால், நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், இறந்துவிடப் போகிறோம் என்ற எண்ணம் எழும். இத்தாக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து தணிந்துவிடும். ஆனால், மீண்டும் வருமோ என்ற பயம் தணிவதில்லை. அந்தப் பயமே நாளடைவில் மனிதனைக் கட்டிப்போடுகிறது.

அச்சம்பவத்தின் பின்னர் வில்சன் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. குழுவிலிருந்து விலகாமல், மேடைப் பயணங்களில் இருந்து மாத்திரம் அவர் ஒதுங்கிக்கொண்டார். தம்மால் தாங்க முடியாத வேலையை மற்றவரிடம் ஒப்படைத்து, தம்மால் இயன்ற வேலையில் முழுமையாக ஈடுபட்டார். அதன் விளைவே 1966 மே மாதத்தில் வெளியான 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பாகும். விளம்பர வாசகங்கள் எழுதும் பணியிலிருந்த டோனி ஆஷர் வரிகளை எழுத உதவினார். சைக்கிள் மணியும் நாய்களின் குரைப்பும்கூட அதில் இசையாயின. உறவு நிலைக்குமா, எனக்கு இவ்வுலகில் இடமுண்டா என்ற கலக்கங்களை அத்தொகுப்பு மறைக்காமல் பேசியது. பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி அதனை வியந்து போற்றியவர்களுள் ஒருவர்.

ஆயினும், நோய்தான் அவரது மேதைமைக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது பெருந்தவறாகும். அடுத்து அவர் ஆரம்பித்த 'ஸ்மைல்' தொகுப்பின் கதி இதனைத் தெளிவுபடுத்தும். 1966 நவம்பரில் தீயைச் சித்திரிக்கும் இசைப்பகுதி ஒன்றை அவர் ஒலிப்பதிவு செய்தார். அக்காலப்பகுதியில் ஒலிப்பதிவுக் கூடத்தின் அயலில் கட்டடமொன்று தீப்பற்றியதை அறிந்து, தமது இசையே அதற்குக் காரணமோ என அஞ்சினார். பதகளிப்புடன் போதைப்பொருள் பாவனையும் சேர்ந்துகொண்டது. 1967 இல் 'ஸ்மைல்' கைவிடப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் நெடுங்காலம் அவர் படுக்கையறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். நோய் முற்றியபோது படைப்பு வளரவில்லை. நின்றுபோயிற்று என்பதே உண்மை.

சிகிச்சை என்ற பெயரிலும் அவர் துன்புற்றார். அவருக்குச் சிகிச்சை அளித்த உளவியலாளர் யூஜின் லாண்டி, அவரது அன்றாட வாழ்வையும் தொழிலையும் தமது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1989 இல் லாண்டி தமது தொழில் அனுமதிப்பத்திரத்தை இழந்தார். 1992 இல் அவர் வில்சனைத் தொடர்புகொள்வதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. வைத்தியர் நோயாளிக்குத் துணையாக வேண்டுமேயன்றி, எசமானாகிவிடக் கூடாது. வில்சனுக்கு இருந்தது வெறும் பதகளிப்பு மாத்திரமன்று என்பதும், காதில் குரல்கள் ஒலிக்கும் பாரிய உளநோயும் இருந்தது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. முறையான சிகிச்சையும் மனைவி மெலிண்டாவின் அரவணைப்பும் அவரை மீண்டும் எழுந்து நிற்கச் செய்தன.

2004 பெப்ரவரியில் இலண்டன் றோயல் பெஸ்டிவல் மண்டபத்தில், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட 'ஸ்மைல்' இசையை அவர் மேடையேற்றினார். அவ்வாண்டிலேயே அது தொகுப்பாகவும் வெளிவந்தது. 2005 இல் அவருக்கு முதலாவது கிராமி விருது கிடைத்தது. முன்னர் அவரை அஞ்சி நடுங்கவைத்த அதே தீ இசைக்கே அவ்விருது வழங்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. குரல்களும் பயமும் அப்போதும் முற்றாக நீங்கிவிடவில்லை. அவற்றோடு வாழவும் பாடவும் அவர் பழகிக்கொண்டிருந்தார்.

போரையும் இடப்பெயர்வையும் ஆழிப்பேரலையையும் கண்ட எமது தமிழ், முஸ்லிம் மக்களிடையே பதகளிப்பு புதிய விடயமன்று. ஆனால், அதனை வெளியே சொன்னால் மகளின் திருமணம் தடைப்படும், ஊரார் பழிப்பர் என்ற தயக்கம் இன்னமும் நீங்கவில்லை. 'பிரார்த்தனை செய், சரியாகிவிடும்' என்று கூறி அனுப்பிவிடுவோரும் உளர். இறைநம்பிக்கை மனதிற்குத் தெம்பளிக்கும் என்பதில் ஐயமில்லை. அது வைத்தியரை நாடுவதற்குத் தடையாகிவிடக் கூடாது என்பதே எமது வேண்டுகோள். உளவளத்துணையும் தேவையான இடத்து மருந்தும் பதகளிப்பைக் கட்டுப்படுத்த வல்லவை. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் இச்சேவையை இலவசமாகப் பெறலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உள்ளது.

எமது வீடுகளிலும் ஏதோவோர் அறைக்குள் ஒருவர் தனித்திருக்கக்கூடும். அவரது கதவைத் தட்டி, 'என்ன செய்கிறது?' என்று பரிவோடு கேட்பது எம் அனைவரதும் கடமையாகும்.