'பெயின்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தண்டனை!

மருந்துக் கடையில் 'பெயின் கில்லர் ஒண்ணு கொடுங்க' என்று கேட்காதவர்கள் குறைவு. முட்டிவலிக்குத் தடவுவது 'பெயின் பாம்'. ஓயாமல் நச்சரிப்பவரை 'சரியான பெயின்' என்று அலுத்துக்கொள்கிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஆனால், இவ்வளவு பழகிப்போன இந்த ஆங்கிலச் சொல் பிறந்த இடம் மருத்துவமனை அல்ல, வழக்கு மன்றம்!

பழைய கிரேக்க மொழியில் 'பொய்னே' என்றொரு சொல் உண்டு. ஒருவரைக் கொன்றுவிட்டால், அந்த உயிருக்கு ஈடாகக் கொடுக்கும் பணம், அபராதம் என்பது அதன் பொருள். லத்தீன் மொழிக்குப் போனபோது அது 'பொய்னா', பொருள், தண்டனை. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் நுழைந்து 'பெயின்' ஆனது. முதலில் தண்டனை, அதனால் படும் துன்பம் இரண்டையும் குறித்தது. காலப்போக்கில் தண்டனை என்ற பொருள் தேய்ந்து, துன்பம் மட்டும் நின்றுவிட்டது.

ஒரே குடும்பம்

கால்பந்தில் வரும் 'பெனால்டி', தண்டிப்பதைக் குறிக்கும் 'பனிஷ்', 1860-ல் இயற்றப்பட்ட 'இந்தியன் பீனல் கோட்'டில் உள்ள 'பீனல்' எல்லாம் இந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள்தான். கோர்ட்டில் சாட்சி சொல்ல அழைக்கும் 'சப்பீனா' என்றால் நேர்ப்பொருள், 'தண்டனைக்கு உட்பட்டு'. அதாவது, வராவிட்டால் தண்டனை! தவறு செய்தும் தண்டனையில்லாமல் திரிவதைச் சொல்லும் 'இம்ப்யூனிட்டி'யும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

பழைய பொருள் அடியோடு போய்விடவில்லை. 'ஆன் பெயின் ஆஃப் டெத்' என்று ஆங்கில நாவல்களில் படித்திருக்கலாம். அதை 'மரண வலி' என்று புரிந்துகொள்ளக் கூடாது. 'மீறினால் மரண தண்டனை' என்பதே பொருள்.

இங்கிலாந்தில் ஒரு கொடிய வழக்கமும் இருந்தது. குற்றம் செய்தாயா, இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பவரைப் படுக்கவைத்து, நெஞ்சின் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். 'கடுமையான, வன்மையான தண்டனை' என்று பொருள்படும் அதன் பிரெஞ்சுப் பெயரிலும் இருப்பது இதே சொல்தான். 1772-ல்தான் அதற்கு முடிவு வந்தது.

பிரசவ வலியும் ஒரு வாதமும்

துன்பமும் தண்டனையும் ஒரே சொல்லில் குடியிருந்ததுபோல, மனித மனதிலும் ஒன்றாகவே குடியிருந்தன. 1847-ல் எடின்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், பிரசவ வலியைத் தணிக்க மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கினார். முதலில் ஈதர், பிறகு குளோரோஃபார்ம். ஏவாள் செய்த பிழைக்காகப் பெண்ணுக்கு விதிக்கப்பட்டதல்லவா அந்த வலி, அதை நீக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது.

சிம்ப்சன் அதே வேதநூலை வைத்தே பதில் எழுதினார். மூல எபிரேயச் சொல் குறிப்பது உடல் உழைப்பையே, வலியை அல்ல என்றார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுளே அவனை ஆழ்ந்து உறங்கவைத்தாரே என்றும் சுட்டிக்காட்டினார். 1853-ல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது குழந்தையான லியோபோல்டைப் பெற்றபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ குளோரோஃபார்ம் கொடுத்தார். அரசியே ஏற்றுக்கொண்ட பிறகு எதிர்ப்பின் சுருதி இறங்கியது.

நம் வீடுகளிலும் 'என்ன பாவம் செஞ்சேனோ, இப்படி வலிக்குது' என்ற புலம்பலைக் கேட்காதவர் யார்? அந்த எண்ணத்தாலேயே வலியை வெளியே சொல்லாமல், டாக்டரிடமும் போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! வலி ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020-ல் வெளியிட்ட விளக்கக் குறிப்பு, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்கிறது. வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கும் வலி இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

எப்படிச் சொல்வது?

'மை லெக் இஸ் பெயினிங்' என்பது நம் ஊர் ஆங்கிலம். 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பதே இயல்பான வழக்கு. தலை, பல், காது, வயிறு, முதுகு ஆகியவற்றோடு 'ஏக்' சேரும்: ஹெட்டேக், டூத்தேக். நெஞ்சுவலி மட்டும் 'செஸ்ட் பெயின்'. 'டேக் பெயின்ஸ்' என்றால் வலி மாத்திரை விழுங்குவது அல்ல, அக்கறையோடு மெனக்கெடுவது.

ஆங்கிலம் வராவிட்டாலும் கவலை வேண்டாம். குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, உளைச்சல் என்று வலியைப் பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எந்த இடத்தில், எப்போதிலிருந்து, என்ன மாதிரி என்று சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று: தமிழில் 'வலி' என்ற சொல்லுக்கு வலிமை என்றும் ஒரு பொருள் உண்டு. திருக்குறளின் 48-வது அதிகாரமான 'வலியறிதல்' பேசுவது நோவைப் பற்றி அல்ல, பலத்தைப் பற்றி. அடுத்த முறை வீட்டில் யாராவது 'வலிக்குது' என்றால், என்ன பாவம் என்று தேட வேண்டாம். எந்த இடத்தில் என்று கேட்டால் போதும்.