சென்னைக்கு ஒரு மணி நேரம் என்பது யாருடைய கணக்கு?

தஞ்சாவூரில் ஓடுதளம் இருக்கிறது. 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானப் படையணி நிலைகொண்டதும் அங்கேதான். பயணிகள் விமானத்துக்கு மட்டும் நாம் திருச்சிக்குப் போக வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி நேரத்தை நம்பி, சென்னையில் டாக்டரைப் பார்க்கவோ நேர்காணலுக்கோ நேரம் குறித்துவிடாதீர்கள். விமான நிலையம் ஏறக்குறைய 55 கி.மீ. துவாக்குடி, திருவெறும்பூர் நெரிசலைத் தாண்ட ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும். புறப்பாட்டுக்கு 60 நிமிடம் இருக்கும்போதே கவுண்டரை மூடும் நிறுவனங்கள் உண்டு. மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போவதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். கும்பகோணம், விக்கிரவாண்டி வழியாகக் காரில் போனால் சுமார் 340 கி.மீ., ஏழு மணி நேரம். மிச்சமாவது இரண்டு மணி நேரம்தான். விமானம் தாமதமானால் அதுவும் போச்சு.

அந்தத் தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. இதுபோன்ற குறுகிய பயணத்தில் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்கு உணவு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமா, முழுப் பணமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பயணிதான். உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு: ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் எது குறைவோ அது கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையால் ரத்தானால் இந்த இழப்பீடு கிடையாது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்ட் தன் செல்போன் எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார். ரத்துத் தகவல் அவருக்குப் போகிறது, நாம் திருச்சியில் போய் நிற்கிறோம். பயணியின் எண் தரப்படவில்லை என்று நிறுவனம் கைவிரிக்கலாம். உங்கள் எண்ணைப் போடச் சொல்லி, டிக்கெட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தைத் தவறவிட்டாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

நிறுவனம் மசியாவிட்டால் ஏர்சேவா தளத்திலோ 1915 என்ற எண்ணிலோ புகார் செய்யுங்கள். அதற்கும் பலனில்லையா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

சாலையில் போகிறவர் அறுவடைக் காலத்தில் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை. களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார்? தார்ச்சாலையில் கொட்டிக் காயவைக்கிறார். விளிம்பில் வைத்த கற்கள் இருட்டில் பைக்கில் வருபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊருக்கு ஊர் உலர்களம் கட்டித் தராத வரை விவசாயியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

விபத்து நடந்தால் முதலில் 108. அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவரைத் தூக்கிவந்தவரிடம் பெயர் கேட்டு வற்புறுத்தச் சட்டத்தில் இடமில்லை. இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். விபத்து விக்கிரவாண்டியில் நடந்திருந்தாலும், தஞ்சாவூரில் குடியிருப்பவர் தஞ்சாவூர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப்போடலாம்.