உருளைக்குப் பதில் எந்தக் காய்? வீட்டுக்கெல்லாம் ஒரே சட்டியில் பொரியல்!

மதியம் ஒரு மணி. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டு அடுப்படி. அடுப்பில் இரண்டு சட்டிகள். ஒன்றில் பேரப்பிள்ளைகளுக்காக மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு ரோஸ்ட். இன்னொன்றில் சுகர் உள்ள தாத்தாவுக்காகப் புடலங்காய்க் கூட்டு. சாப்பிட உட்கார்ந்ததும் தாத்தாவின் கை மெள்ளப் பேரன் தட்டுப் பக்கம் நகரும்.

"மாமா, உங்களுக்குத்தான் புடலங்காய் வெச்சிருக்கேனே..." என்பார் மருமகள்.

"ஒரு துண்டுதானம்மா!"

ஒரு துண்டு நாலு துண்டாகும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும் நாளில் வீட்டில் சண்டை நடக்கும்.

சுகர் இருப்பவர் உள்ள பல வீடுகளில் இது பழகிப்போன காட்சி. இந்தச் சண்டை ருசியைப் பற்றியது மட்டுமல்ல. ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டி வைக்கும்போது, அவர் தினமும் நோயாளியாகவே சாப்பிட உட்காருகிறார். அந்தத் தனிச் சட்டியை எடுத்துவிட முடியுமா? முடியும். அதற்கு, உருளை நம் சமையலில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிப்பு ஊரும் மில் ஊரும்

இரண்டு ஊர்களுக்கும் இடையில் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா நினைவுக்கு வரும். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆண்டாள் பிறந்த இந்த ஊரில், மார்கழி 27-ஆம் நாள் கூடாரவல்லி என்றால் நெய் வழியும் அக்கார அடிசில். ராஜபாளையமோ பஞ்சாலை ஊர். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய பிறகு அடுத்தடுத்து ஆலைகள் வந்தன. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களின் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதமோ புளிசாதமோ இருந்தால், பக்கத்தில் உருளை வறுவலும் இருக்கும். ஒழுகாது, சாதத்துக்குப் பொருத்தம், எல்லாருக்கும் பிடிக்கும். சாயங்காலம் ஆனால் போண்டா, இரவானால் பரோட்டா சால்னா.

இத்தனைக்கும் உருளை நம் மண்ணின் காய் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுக்கீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்தது. பாரம்பரியமான திவசச் சமையலில் இன்றைக்கும் உருளைக்கு இடமில்லை. அவரை, கொத்தவரை, புடலை, பூசணி, வாழைக்காய்தான் அங்கே. அதாவது, உருளை இல்லாமலும் விருந்து சமைத்த கைகள்தான் நம்முடையவை.

ஏன் இந்தக் கவலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை நிறுத்திக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினாலும், மொத்த மாவுச்சத்து குறையாவிட்டால் பெரிய பலன் இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. உருளைக்கும் இதே விதிதான். அதற்குப் பதிலாக எதை வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வேகவைக்காத காய் 100 கிராமில் உள்ள மாவுச்சத்து, தோராயமாக:

உருளைக்கிழங்கு - 17 கிராம்
மஞ்சள் பூசணி - 6.5 கிராம்
நூக்கல் - 6 கிராம்
காலிஃபிளவர் - 5 கிராம்
சௌசௌ - 4.5 கிராம்
முள்ளங்கி - 3.5 கிராம்
வெள்ளைப் பூசணி - 3 கிராம்

ஏமாற்றும் காய்கள்

"உருளையை விட்டுட்டோம், இப்போ சேனைதான்" என்று சொல்பவர்கள் உண்டு. சேனையில் மாவுச்சத்து ஏறக்குறைய உருளை அளவுக்கே இருக்கிறது. சர்க்கரைவள்ளியில் சுமார் 20 கிராம், சேப்பங்கிழங்கில் சுமார் 26 கிராம், மரவள்ளியில் சுமார் 38 கிராம். வாழைக்காயும் மாவுக் காய்தான். இவை கெட்ட உணவுகள் அல்ல. ஆனால், மாவுச்சத்தைக் குறைக்க நினைப்பவருக்கு இவை மாற்று ஆகாது. வாழையில் மாற்று வேண்டும் என்றால் தண்டும் பூவும்தான்.

உருளையின் நான்கு வேலைகள்

உருளைக்குப் பதில் காலிஃபிளவரைப் போட்டுவிட்டு, "ருசியே இல்லை" என்று கைவிடுபவர்கள் அதிகம். உருளை எல்லா உணவிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் காரணம். ரோஸ்டில் அது மொறுமொறுப்பு. பூரி மசாலாவில் குழைவு. குருமாவில் குழம்பைக் கெட்டியாக்கும் பொருள். கட்லெட்டில், போண்டாவில் எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் பசை. வேலையைப் பார்த்து ஆளைப் போட வேண்டும்.

1. மொறுமொறுப்புக்கு நூக்கல் ரோஸ்ட்

அரை கிலோ நூக்கலைத் தோலைக் கனமாகச் சீவி, நாரில்லாமல் சிறு சதுரங்களாக நறுக்கவும். முற்றிய காய் வேண்டாம். மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு வடிகட்டவும். அடுத்ததுதான் முக்கியம். துணியில் பரப்பிப் பத்து நிமிடம் ஈரம் போக ஆறவிட வேண்டும்.

இரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு தாளித்து நூக்கலைச் சேர்க்கவும். மூடி போடக் கூடாது. போட்டால் ரோஸ்ட் அவியலாகிவிடும். மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம், அடிக்கடி கிளறாமல் அவ்வப்போது திருப்பிவிடவும். கடைசியில் மிளகாய்த்தூள், சோம்புத்தூள், ஒரு டீஸ்பூன் கடலை மாவு தூவிப் பிரட்டினால் மேலே மொறுமொறுவென்று ஒட்டிக்கொள்ளும். டிபன் பாக்ஸுக்கு என்றால் நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். இல்லையென்றால் நீர் விட்டு நமத்துப்போகும்.

2. குழைவுக்கு சௌசௌ மசாலா

பூரி மசாலா, தோசை மசாலாவுக்குக் காலிஃபிளவர் மட்டும் போட்டால் அதன் வாசனை தூக்கலாகத் தெரியும். சௌசௌ தனியாக என்றால் நீர்த்துப்போகும். இரண்டும் சேர்ந்தால் சரியாக வரும்.

நான்கு பேருக்கு சௌசௌ 400 கிராம், காலிஃபிளவர் 200 கிராம். காலிஃபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, புழு இல்லாமல் அலசி எடுக்கவும். இரண்டையும் ஆவியில் வேகவைத்து, நீரை வடித்து, மத்தால் ஒன்றிரண்டாக மசிக்கவும். கடுகு, கடலைப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், இரண்டு வெங்காயம் வதக்கி, மசித்ததைச் சேர்த்து, இரண்டு டீஸ்பூன் பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் மசாலா தளதளவென்று நிற்கும்.

கணக்குப் பாருங்கள். 600 கிராம் உருளையில் சுமார் 105 கிராம் மாவுச்சத்து, ஆளுக்கு 26 கிராம். இந்த மசாலாவில் பொட்டுக்கடலை மாவையும் சேர்த்து ஆளுக்கு 8 அல்லது 9 கிராம்தான். வெங்காயம் இரண்டுக்கும் பொது.

3. குருமா, சால்னாவுக்குத் தண்டும் பூசணியும்

குருமாவில் உருளை கரைந்துதான் கெட்டித்தன்மை வருகிறது. அந்த வேலையைத் தேங்காயோடு அரைத்த கசகசாவோ வறுத்த வேர்க்கடலையோ செய்துவிடும். காரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் துண்டுகளுக்கு வெள்ளைப் பூசணி, சுரைக்காய் அல்லது நாம் குப்பையில் போடும் காலிஃபிளவர் தண்டு போதும். தண்டின் தோலைச் சீவி விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால், சால்னாவில் உருளை இல்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்கக்கூட மாட்டார்கள். சாம்பாருக்கு முள்ளங்கியும் மஞ்சள் பூசணியும் எப்போதும் இருப்பவைதான்.

4. பிடிப்புக்குக் கொண்டைக்கடலை கட்லெட்

இரண்டு கப் துருவிய காலிஃபிளவரை ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து, துணியில் கட்டி ஒட்டப் பிழியவும். வேகவைத்து மசித்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கப், உதிர்த்த பனீர் 50 கிராம், இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு சேர்த்துப் பிசையவும். கொண்டைக்கடலையிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் புரதமும் நார்ச்சத்தும் கூடவே வருவதால் வயிறு நிறையும். தட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் உடையாது. ரஸ்க் தூளுக்குப் பதிலாக வறுத்துப் பொடித்த வேர்க்கடலையில் புரட்டி, தோசைக்கல்லில் இருபக்கமும் சிவக்க விட வேண்டும். இதே கலவையைச் சிறு உருண்டைகளாக்கி, கடலை மாவில் தோய்த்து, பணியாரக் கல்லில் சுட்டால் போண்டா ரெடி. பொரிக்கவே வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் காலிஃபிளவர் 65-ஐ மாற்றாக நினைக்க வேண்டாம். மைதா, கார்ன்ஃபிளார் பூசி எண்ணெயில் பொரித்தால், காய் கொடுத்த லாபம் மாவிலும் எண்ணெயிலும் போய்விடும்.

முதல் வாரம் பாதிக்குப் பாதி

பத்தாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் பேலியோ அலை அடித்தபோது, காலிஃபிளவர் சாதம் பல வீடுகளுக்குள் வந்தது. நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகத்தைப் படித்து ஒரே நாளில் சாதத்தையும் கிழங்கையும் விட்டவர்கள் உண்டு. சில மாதங்களில் பழையபடி திரும்பியவர்களும் உண்டு. நாக்குக்கு அவகாசம் கொடுத்தால் மாற்றம் நிற்கும். முதல் வாரம் பாதி உருளை, பாதி நூக்கல் போட்டு ஒரே சட்டியில் ரோஸ்ட் செய்யலாம். அடுத்த வாரம் கால் பங்கு உருளை. பிறகு நூக்கல் மட்டும்.

பிள்ளைகளுக்கு உருளையைத் தடை செய்யத் தேவையில்லை. அதில் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் இருக்கின்றன. ஓடியாடும் உடம்புக்கு அது நல்ல உணவுதான். வாரத்தில் ஒரு நாள் உருளை நாள் என்று வைத்துக்கொண்டால், தாத்தாவும் அன்றைக்கு அளவாக இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுபவர்களும், சுகரை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை அளவு அதிகமாக இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் மாற வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கப் சாதத்தில், அதாவது 150 கிராமில், மாவுச்சத்து சுமார் 42 கிராம். ரோஸ்ட் நன்றாக இருக்கிறது என்று ஒரு கரண்டி சாதம் கூடப் போட்டுக்கொண்டால், உருளையை விட்டதில் கிடைத்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். சாப்பிட்டு முடித்து ஒரு வில்லை பால்கோவா என்றால் சொல்லவே வேண்டாம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்குதான் சாதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தானாகச் சரியாகும்.

அப்படி ஒரு மதியம் வரட்டும். அடுப்பில் ஒரே சட்டி. தாத்தா தட்டிலும் பேரன் தட்டிலும் அதே ரோஸ்ட். அன்றைக்குப் பேரன் கை தாத்தா தட்டுப் பக்கம் நகர்ந்தால், அந்த நூக்கல் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்!