பாய்மரப் படகில் உலகை வலம்வருதல்: புனேயும் பெருங்கடலும்

கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, சஹ்யாத்ரி மலைத்தொடரைத் தாண்டி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள புனே நகரைப் பெருங்கடற் பயணத்தோடு சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. ஆனால் இந்தியர்கள் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த வரலாறு, தரைப்படையின் பொறியாளர் பிரிவில் தொடங்கியது; அப்பிரிவின் அதிகாரிகள் தொழில் பயிலும் ராணுவப் பொறியியல் கல்லூரியோ புனேயின் தாபோடியில் இருக்கிறது. பாலம் கட்டவும் பாதை போடவும் பயின்றவர்கள் முந்திக்கொண்டு உலகப் பெருங்கடல்களைக் கடந்தார்கள் என்பது முரணாகத் தோன்றலாம். சிறு படகில் நெடுந்தொலைவு செல்வது துணிச்சலைவிடப் பராமரிப்பையே அதிகம் கேட்கும் தொழில் என்பதை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

புனேயின் நீர்ப்பயிற்சிக் களமும் ஒரு ராணுவப் பொறியாளரின் ஆக்கமே. முட்டா ஆற்றின் குறுக்கே ஃபைஃப் என்ற பொறியாளர் திட்டமிட்ட கடக்வாஸ்லா அணை 1879-ல் கட்டி முடிக்கப்பட்டு, அதன் நீர்த்தேக்கம் அவர் பெயராலேயே ஃபைஃப் ஏரி எனப்பட்டது. 1954 முதல் அந்த ஏரிக்கரையில் இயங்கிவரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மாணவர்கள், ‘பீகாக் பே’ என வழங்கும் நீர்ப்பகுதியில் ‘டிங்கி’ ஓட்டிப் பழகுகிறார்கள். டிங்கி என்பது இயந்திரம் இல்லாத, ஓரிருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு பாய்ப்படகு. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே செல்ல முடியாது என்பதும், எதிர்க்காற்றில் முன்னேற வேண்டுமானால் ஒருமுறை வலச்சாய்வாகவும் மறுமுறை இடச்சாய்வாகவும் மாறி மாறி ஓட்டவேண்டும் என்பதும், காற்று வலுத்தால் பாயின் கயிற்றைத் தளர்த்த வேண்டும் என்பதும் அங்கே கைப்பழக்கமாகின்றன. படகு கவிழ்ந்தால் நனைந்தபடியே அதை நிமிர்த்தி ஏறவேண்டும். கடலுக்கான அரிச்சுவடி இது.

பொறியாளர் பிரிவின் ‘த்ரிஷ்ணா’ என்ற படகு 1985 செப்டம்பர் 28 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 30,000 கடல் மைல் கடந்து, 1987 ஜனவரி 10 அன்று அங்கேயே திரும்பியது. அதன் நீளம் 37 அடி. நகரப் பேருந்து ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியக் குழு என்ற பெருமை அப்படகோட்டிகளுக்கு உரியதாயிற்று. அவர்கள் திரும்பிய நாளிலேயே இந்திய அஞ்சல் துறை அப்பயணத்துக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.

உலகைச் சுற்றுதல் என்பதற்குக் கடலோடிகளிடையே கறாரான பொருள் உண்டு. புவிவட்டத்தின் 360 பாகைகளில் ஒவ்வொன்றும் அறுபது கலைகளாகப் பகுக்கப்படும். ஒரு கலைக்குரிய தொலைவே ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். எனவே புவியின் முழுச்சுற்று 360-ஐ 60-ஆல் பெருக்க வரும் 21,600 கடல் மைல் ஆகிறது. இத்தொலைவுக்குக் குறையாமல் ஓடி, எல்லாத் தீர்க்கக் கோடுகளையும் கடந்து, நிலநடுக்கோட்டையும் தாண்டி, பனாமா, சூயஸ் போன்ற கால்வாய்களில் நுழையாமல், புறப்பட்ட துறைக்கே திரும்புவதுதான் கண்டிப்பான கணக்கு. அவ்வாறு செல்வோர் ஆஸ்திரேலியாவின் லீவின் முனை, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை ஆகிய மூன்றையும் பொதுவாகச் சுற்றிச் செல்கிறார்கள்.

இவ்வழியில், பள்ளிப் பாடநூல்கள் ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’ என்றும் ‘சீறும் ஐம்பதுகள்’ என்றும் குறிப்பிடும் அட்சங்களில், மறிக்கப் பெருநிலம் இல்லாததால் மேலைக்காற்று உலகைச் சுற்றி ஓயாமல் வீசுகிறது. அலைகளும் அவ்வாறே தடையின்றி வளர்ந்துகொண்டே வருகின்றன. அக்காற்றைப் பின்புறம் வாங்கிக் கிழக்கு நோக்கி ஓடும் படகுக்குத் தென்துருவக் கண்டம் எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்கும். கோயிலில் கருவறையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதை வலம் வருதல் என்பது தமிழ் வழக்கு. இந்தியக் கடற்படை தன் பயணங்களுக்குச் சூட்டிய ‘சாகர் பரிக்ரமா’ என்ற பெயரும் கடல்வலம் என்றே பொருள்படுவதால், அப்பெயர் புவியியலுக்கும் பொருந்திவிடுகிறது.

அத்திட்டத்தின் மூலவர், புனேக்குத் தென்கிழக்கே பல்டண் அருகிலுள்ள விஞ்சூர்ணி கிராமத்தில் ஓய்வுக்காலத்தைக் கழித்த வைஸ் அட்மிரல் மனோகர் அவதி. அவருடைய தூண்டுதலால் கோவாவின் திவார் தீவில் ரத்னாகர் தண்டேகரின் படகுத்தளம் 56 அடி நீளமுள்ள ‘மாதேய்’ என்ற படகைக் கட்டியது. 2009 ஆகஸ்ட் 19 அன்று அதில் மும்பையிலிருந்து தனியே புறப்பட்ட திலீப் தோண்டே, நான்கு துறைகளில் மட்டும் தங்கி 2010 மே 19 அன்று திரும்பி, தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரானார். அதே படகில் அபிலாஷ் டோமி 2012 நவம்பர் 1 முதல் 2013 மார்ச் 31 வரை எங்கும் கரையேறாமல் சுற்றிவந்தார்.

இத்தகைய படகு நிலைகொள்வதன் அடிப்படையைத் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிடம் காணலாம். பொம்மையின் அடிக்கனம் அதை மீண்டும் நிமிர்த்துவது போல, படகின் வயிற்றுக்கடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் ‘கீல்’ என்னும் கனத்த உலோகப் பகுதி, காற்றும் அலையும் சாய்த்த படகை நிமிர்த்துகிறது. பாயின்மீது காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே காற்று ஏறத் தொடங்கும்போதே பாயைப் பாதி இறக்கி, மிஞ்சிய துணியை ‘பூம்’ எனப்படும் கிடைத்தடியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ‘ரீஃப்’ போடுதல் எனப்படும் இவ்வேலை நள்ளிரவிலும் மழையிலும், இடுப்புவாரின் கயிற்றைத் தளத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் படகையும் மறு கையால் பாயையும் பற்றியபடி நடக்கிறது. தாமதித்துப் போட முனைபவருக்கு அது இரட்டிப்பு வேலை. சில வேளைகளில் கிழிந்த பாய்.

நாள்தோறும் நடப்பவை இதைவிட எளியவை; ஆனால் ஒன்றும் விடமுடியாதவை. ஒருவர் விழித்திருந்து காற்றையும் கப்பல் விளக்குகளையும் கவனிக்க மற்றவர் உறங்குவதும், குறித்த நேரத்தில் முறை மாறுவதும் முதல் ஒழுங்கு. தனியே செல்பவர், தானே திசை காக்கும் சுக்கான் கருவியை நம்பிச் சிறுசிறு தவணைகளாகத் தூங்குகிறார். தொட்டி நீர் குறையும்போது கடல்நீரை நுண்சவ்வின் வழியே அழுத்தி உப்பு நீக்கும் இயந்திரம் உதவும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு பேட்டரியும் சூரியத் தகடும் வேண்டும். உப்புக்காற்றோ இவை எல்லாவற்றையும் அரிக்கும். கயிறு உராயும் இடமும் திருகாணி தளரும் இடமும் அன்றாடம் பார்க்கப்படாவிட்டால் நடுக்கடலில் பழுதுபார்ப்பவர் எவரும் வரமாட்டார். 2018-ல் உலகைச் சுற்றிய கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவரின் ‘தாரிணி’ படகு, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸ் துறைக்குள் நுழைய நேர்ந்தது சுக்கான் கருவியின் பழுதால்தான்.

சரியாகச் செய்தும் கடல் மிஞ்சிப்போவதுண்டு. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968–69-ல் எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதரானது, மும்பையில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்ற படகில். அதன் நகலாகிய ‘துரியா’வில் உலகைத் தனியே சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் கலந்துகொண்ட அபிலாஷ் டோமி, 2018 செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலின் புயலில் சிக்கினார். படகு புரண்டு நிமிர்ந்தது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. மூன்று நாள் கழித்து ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே போட்டியின் 2022–23 ஓட்டத்தில் அவர் இரண்டாவதாக வந்தார்.

அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் இருவர், கோழிக்கோட்டைச் சேர்ந்த கே. தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ஏ. ரூபாவும். லெப்டினன்ட் கமாண்டர்களான இவர்கள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’யில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2025 ஜனவரி இறுதியில் ‘நீமோ புள்ளி’யைக் கடந்தார்கள். எந்தத் திசையில் சென்றாலும் சுமார் 2,688 கிலோமீட்டருக்குக் கரையே இல்லாத, பசிபிக்கின் நடுவிலுள்ள இடம் அது. விண்வெளி நிலையம் தலைக்குமேல் கடக்கும் நேரத்தில் மிக அருகிலுள்ள மனிதர்கள் அதிலிருக்கும் வீரர்களே. அங்கே இருவரும் ஆய்வுக்காகக் கடல்நீரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரூபாவின் ஊரான புதுச்சேரியில் கட்டப்பட்ட 50 அடிப் படகான ‘திரிவேணி’யில், முப்படைகளின் பெண் அதிகாரிகள் பத்துப் பேர் லெப்டினன்ட் கர்னல் அனுஜா வருட்கர் தலைமையில் 2025 செப்டம்பர் 11 அன்று மும்பையிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள்.

கடற்கரையில் பிறந்தவர்க்கே கடல் வசப்படும் என்ற எண்ணம் இந்த நாற்பதாண்டு வரலாற்றின் முன் நிற்கவில்லை. முறையாகக் கற்று, கருவியைப் பேணி, காற்றுக்கு முன்பே பாயைச் சுருக்கத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலிருந்தும் போய் வந்திருக்கிறார்கள். 2025 மே 29 அன்று தில்னாவும் ரூபாவும் கோவாவில் கரையேறினர். அதற்கு மறுநாள், புனேயின் கடக்வாஸ்லா ஏரிக்கரை அகாடமியிலிருந்து முதன்முறையாகப் பெண்கள் பதினேழு பேர் பயிற்சி முடித்து வெளியேறினார்கள்.