வேலணைக்கு 6, நயினாதீவுக்கு எத்தனை?

தீவகத்துக்குச் சாமான் அனுப்பும் வியாபாரிகளுக்கு இந்த வாரம் ஒரு புதிர். 'வேலணை' என்ற பெயரின் எழுத்துக்களை இடம் மாற்றி மாற்றி எழுதினால் எத்தனை விதம் வரும்? பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று எழுத்து, 3×2×1, ஆக 6. 'நயினாதீவு' ஐந்தெழுத்து, 120. 'ஊர்காவற்றுறை' ஏழெழுத்து, 5,040. ஒரே எழுத்து இருமுறை வந்தால் கணக்கு பாதியாகும். 'பப்படம்' ஐந்தெழுத்துதான், ஆனால் 'ப' இரண்டு என்பதால் 60.

கணனி படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஆரம்பப் பயிற்சி. கணக்கோ மிகப் பழையது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல் கலீல் இப்னு அஹ்மத், அரபு அகராதிக்குத் திட்டம் வகுத்தபோது மூன்றெழுத்து வேருக்கு 6, நான்கெழுத்துக்கு 24, ஐந்தெழுத்துக்கு 120 என்று இதே வழியில்தான் எண்ணினார்.

இப்போது நயினாதீவைக் கணனியிடம் கொடுங்கள். 120 என்று சொல்லாது, 362,880 என்று சொல்லும்! யுனிகோட் முறையில் 'தீ' ஓர் எழுத்தல்ல. 'த' வேறு, அதன் மேலுள்ள சுழி வேறு. இப்படி ஐந்தெழுத்து ஒன்பது குறிகளாகிவிடுகிறது. 'நெடுந்தீவு' பத்துக் குறி.

இதில் வியாபாரிக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். பார்சலில் ஒட்டும் லேபிளில் இடம் போதாதென்று ஊரின் முதலெழுத்தை மட்டும் அச்சிடச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். நம் கண்ணுக்கு 'ந' வேறு, 'நெ' வேறு. கணனிக்கு இரண்டும் 'ந'. இரண்டு ஊர்ப் படகும் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தே புறப்படுகின்றன. நயினாதீவுக்குக் கொஞ்ச நேரம்தான், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மாறி ஏறிய மூடை திரும்பி வருவதற்குள் உங்கள் வாடிக்கையாளர் வேறு கடை பார்த்திருப்பார். ஆகவே தமிழில் பில் போடும் மென்பொருளுக்குக் காசு கொடுக்குமுன், 'நயினாதீவு எத்தனை எழுத்து?' என்று அதனிடமே கேட்கச் சொல்வேன். 5 என்றால் வாங்கலாம். 9 என்றால் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இதே கணக்கு பணப்பெட்டியிலும் உண்டு. நான்கு இலக்கப் பூட்டுக்கு 10,000 வழிகள். ஆனால் நான்கு பொத்தான் மட்டும் தேய்ந்திருந்தால் திருடனுக்கு 24 முயற்சி போதும். மூன்று பொத்தான் தேய்ந்திருந்தால் இன்னும் சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படியல்ல. எந்த இலக்கம் இருமுறை வருகிறது என்பது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் 12 வழி, மூன்றுக்கும் 36.