உங்களுக்குத் தெரியுமா? காசில்லாமல் ஒரு கடற்கரை இரவு

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டலுக்குத்தான் காசு, சுற்றிப் பார்க்க இல்லை. மணலில் நிற்கும் வெள்ளை வளைவு வெறும் செல்ஃபி இடமல்ல. 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் அது.

உண்மையான விருந்து ஜனவரி முதல் மார்ச் வரை, ஊர் அடங்கிய பிறகு. பங்குனி ஆமை கரையேறி, பின்துடுப்புகளால் குடம்போல் குழி பறித்து, சுமார் 100 முட்டைகள் இடும். பிறகு மணலைத் தள்ளி மூடி, உடம்பாலேயே தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் கடலுக்குத் திரும்பும். 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, இந்த மாதங்களில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் ஆமை நடைக்கு அழைத்துச் செல்கிறது. கட்டணம் கிடையாது. டார்ச் மட்டும் அடிக்காதீர்கள்: வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.